மலைச்சாலையில் பொக்லைன்: சுழலும் வண்டிக்குப் பக்கத்தில் வேலைக்கு வரும் புதியவர்களுக்கு

நீலகிரியில் மழை பிடித்துவிட்டால் பொக்லைனுக்கு ஓய்வில்லை. ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். அக்டோபருக்கு மேல் வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரி பக்கம் திரும்பும். 2009 நவம்பரில் மாவட்டத்தில் நடந்த மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. எப்போது சரிந்தாலும் ரோட்டில் கிடக்கும் மண்ணை அள்ள முதலில் போவது இந்த வண்டிகள்தான். அவற்றோடு ஹெல்பராக, கொடி பிடிப்பவராக, சூப்பர்வைசராக, டிப்பர் டிரைவராக, புது ஆபரேட்டராகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இங்கே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் மண் தோண்டும் இயந்திரத்தை இறக்கக்கூடாது. சொந்த நிலத்தில் வீடு கட்ட என்றாலும் அதே கதைதான். "ஒரு மணி நேர வேலை, ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிடலாம்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். அந்த மாதிரி வேலை இருட்டில், அவசரத்தில், கொடி பிடிக்க ஆளில்லாமல்தான் நடக்கும். கீழே நான் சொல்லப்போகும் எதையும் அங்கே செய்ய முடியாது.

எந்தப் பகுதி ஆளை அடிக்கும்

டயர் வைத்த ஜேசிபியில் பின்னால் உள்ள தோண்டும் கை மட்டும்தான் பக்கவாட்டில் திரும்பும். பொக்லைன், ஹிட்டாச்சி என்று நாம் சொல்லும் செயின் வண்டி அப்படியில்லை. கேபின், இன்ஜின், பக்கெட்டைத் தாங்கும் பெரிய கையான பூம், அதன் பாரத்தைச் சமன்செய்யப் பின்னால் இருக்கும் இரும்பு எடையான கவுண்டர்வெயிட் எல்லாம் ஒரே பல்வளையத்தின் மேல் உட்கார்ந்து 360 டிகிரியும் சுற்றும். செயின் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். நான் சொல்வது பெரும்பாலும் இந்தச் செயின் வண்டியைப் பற்றித்தான்.

புதிதாக வருபவர்கள் பக்கெட்டைத்தான் பார்ப்பார்கள். பல் இருக்கிறது, சத்தம் போடுகிறது, கல்லை உருட்டுகிறது. பயம் தானாக வந்துவிடும். ஆபரேட்டரின் கண்ணும் அங்கேயேதான் இருக்கும். அதனால் பக்கெட் பக்கம் பெரும்பாலும் தப்பித்துவிடுவோம். அவர் முதுகுக்குப் பின்னால் இருப்பதுதான் சிக்கல்.

கொஞ்ச நாள் மலையில் ஓடிய ஒரு செயின் வண்டியின் பின்பக்கத்தை, இன்ஜின் நிறுத்தியிருக்கும்போது, போய்ப் பாருங்கள். கவுண்டர்வெயிட்டின் இரண்டு மூலைகளிலும் பெயின்ட் போயிருக்கும். ஒரு மூலையில் செம்மண் அப்பியிருக்கும். இன்னொன்றில் தடுப்புச் சுவரின் சிமென்ட் வெள்ளைக் கோடாக இழுத்திருக்கும். நடுவில் மாடல் எண் எழுதிய இடம் மட்டும் புதுசு போலப் பளபளவென்று இருக்கும். பின்பக்கம் நேராகப் போய் இடிப்பது குறைவு. மூலைதான் பக்கவாட்டில் வந்து இடிக்கிறது. சென்சார் எங்கே வைப்பது என்று பேசும்போது இது மறுபடி வரும்.

இப்போது அளவுகள். நம் பக்கம் அதிகம் ஓடும் 20 டன் வண்டியில் இரண்டு செயின்களின் வெளிப்பக்க அகலம் சுமார் 2.8 மீட்டர். சுழலும் மையத்திலிருந்து கவுண்டர்வெயிட்டின் பின்விளிம்பு வரை சுமார் 2.75 மீட்டர். வண்டி நேராக இருக்கும்போது வெயிட் இரண்டு செயினுக்கும் நடுவில் அடக்கமாகத் தெரியும். மேல்பாகத்தை 90 டிகிரி திருப்பினால் அதே வெயிட் செயினைத் தாண்டி ஏறக்குறைய 1.35 மீட்டர் வெளியே நீட்டும். செயினை ஒட்டி நின்றுகொண்டிருந்தவர் நகராமலேயே அதன் பாதைக்குள் வந்துவிடுகிறார். வெயிட்டின் அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். நிற்பவருக்கு இடுப்பிலும் நெஞ்சிலும் படும். குனிந்து செயினில் சிக்கிய கல்லை எடுப்பவருக்குத் தலையில் படும்.

இதை நம் ரோட்டோடு வைத்துப் பாருங்கள். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி ஒருவழித் தார்ச்சாலை 3.75 மீட்டர், இடைநிலைச் சாலை 5.5 மீட்டர், இருவழிச் சாலை 7 மீட்டர். வெயிட் போடும் வட்டத்தின் குறுக்களவு 5.5 மீட்டர். அதாவது இடைநிலைச் சாலையின் நட்டநடுவில் நிறுத்திச் சுற்றினால் தார் விளிம்பை இருபுறமும் தொடும். எஸ்டேட்டுக்குப் போகும் ஒருவழிச் சாலையில் ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளம்; நடுவில் மனிதன் நிற்க இடமே இல்லை. சமவெளியில் வேலை பழகி இங்கே வரும் ஆபரேட்டர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அங்கே வயல் நடுவில் எவ்வளவு சுற்றினாலும் கேட்க ஆளில்லை.

படி ஒன்று: வட்டத்தைத் தரையில் போடுங்கள்

வேலை தொடங்குமுன் மேல்பாகத்தைச் செயினுக்குக் குறுக்காகத் திருப்பி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, மற்ற லிவர்களைப் பூட்டும் சேஃப்டி லிவரைப் போட்டுவிட்டு, இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். கவுண்டர்வெயிட்டின் பின்விளிம்பிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அது தரையில் தொடும் இடத்தைக் குறியுங்கள். வண்டியின் நடுமையம் இரண்டு செயினுக்கும் மத்தியில் இருக்கும். அங்கிருந்து இந்தக் குறி வரை எவ்வளவு வருகிறதோ அதுதான் உங்கள் வண்டியின் உண்மையான ஆரம். கேட்டலாக்கில் இருப்பதைவிட இதை நம்புங்கள். பின்னால் டூல் பாக்ஸ், கேமரா கூண்டு என்று யாராவது வெல்டிங் வைத்திருப்பார்கள்.

அந்த ஆரத்தோடு அரை மீட்டர் கூட்டிச் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுங்கள். அரை மீட்டர் என்பது சும்மா சொல்வதில்லை. ஒரு மனித உடல் நசுங்காமல் நிற்கத் தேவையான குறைந்தபட்ச இடைவெளியாக ஐ.எஸ்.ஓ. 13854 தரநிலை சொல்வது 500 மில்லிமீட்டர். வெயிட்டுக்கும் மண்சுவருக்கும், அல்லது தடுப்புச் சுவருக்கும், நிற்கும் டிப்பருக்கும் இடையே அரை மீட்டர் இல்லையென்றால் அந்த இடுக்குக்குள் யாரும் நுழையவே வழியிருக்கக்கூடாது. இரண்டு முனையிலும் கயிறு கட்டுங்கள், கூம்பு வையுங்கள், முடிந்தால் டிரம் உருட்டி அடையுங்கள். "ஆள் வந்தால் சொல்லிக்கொள்ளலாம்" என்பது வேலைக்கு ஆகாது.

மலைப் பக்கத்துச் சாக்கடையை முக்கியமாக அடையுங்கள். ரோடு அடைத்திருந்தால் ஸ்கூல் பிள்ளைகள், எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்கள், பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பவர்கள் எல்லோரும் பள்ளத்துப் பக்கம் பயந்து சாக்கடையோரமாகத்தான் வருவார்கள். வெயிட் சுற்றி வருவதும் அங்கேதான். மக்களை நடக்கவிட வேண்டும் என்றால் வண்டியை நிறுத்தி, பக்கெட்டை ஊன்றி, மொத்தமாக விட்டுவிட்டு மறுபடி அடைப்பது நல்லது. ஒவ்வொருவராக விட்டால் கொடிக்காரரின் கவனம் பத்து நிமிடத்தில் சிதறிவிடும்.

வெளிவட்டம் இன்னொன்று இருக்கிறது: பக்கெட் எட்டும் தூரம். 20 டன் வண்டியில் கையை முழுக்க நீட்டினால் சுமார் 10 மீட்டர். முழு வட்டமாக அடைக்கத் தேவையில்லை. பக்கெட் போய்வரும் பக்கத்தை மட்டும் அடைத்தால் போதும், ஆனால் கீழே போகும் ரோட்டையும் சேர்த்து யோசியுங்கள். கொண்டை ஊசி வளைவில் மேலே வேலை நடந்தால் கல் உருண்டு விழுவது கீழ் வளைவில். அங்கேயும் ஒரு ஆள் வேண்டும்.

படி இரண்டு: வண்டியை நிறுத்தும் விதம்

நல்ல ஆபரேட்டர் பாதி விபத்தை வண்டி நிறுத்தும்போதே தவிர்த்துவிடுவார். முதலில் தளத்தைச் சமப்படுத்த வேண்டும். சாய்வில் நின்று பாரத்தோடு பள்ளத்துப் பக்கம் திருப்பினால் மேல்பாகம் தன் எடையிலேயே வேகம் பிடிக்கும். லிவரை விட்டாலும் நினைத்த இடத்தில் நிற்காது. வண்டியே சாயலாம்.

அடுத்தது டிரைவ் மோட்டார் சுற்றிச் செயினை ஓட்டும் பல்சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட், எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. அது ஆபரேட்டருக்குப் பின்னால் இருந்தால் லிவரை முன்னே தள்ளினால் வண்டி முன்னே போகும். மேல்பாகத்தை 180 டிகிரி திருப்பியபின் அதே லிவரை முன்னே தள்ளினால் பின்னே போகும். காலையிலிருந்து சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, சாயங்காலம் அவசரத்தில் நகர்த்தும்போது இது மறந்துபோகும். பள்ளத்து விளிம்பில் அப்படி மறந்தால் திருத்திக்கொள்ள இடமில்லை. ஹெல்பராக இருப்பவர், வண்டி நகருமுன் ஸ்ப்ராக்கெட் இருக்கும் பக்கத்தைக் கையால் காட்டுவதை வழக்கமாக வைத்துக்கொள்ளலாம். விளிம்பில் தோண்டும்போது செயின் பள்ளத்தை நோக்கிச் செங்குத்தாக இருந்து, ஸ்ப்ராக்கெட் பின்னால் இருந்தால், தரை வெடிக்கிறது என்று தெரிந்தவுடன் நேராகப் பின்வாங்கிவிடலாம். விளிம்புக்கு இணையாக நிறுத்தினால் அந்த வழி இல்லை.

டிப்பரை ஆபரேட்டரின் இடது பக்கம் வருகிற மாதிரி நிறுத்துங்கள். கேபின் இடது பக்கம் இருக்கிறது. வலது பக்கத்தைப் பூமும் இன்ஜின் மூடியும் மறைக்கும். இடப்பக்கம் சுற்றினால் அவர் பார்த்துக்கொண்டே சுற்றுவார். வலப்பக்கம் சுற்றினால் பாதி தூரம் நம்பிக்கையில்தான் சுற்றுவார். பக்கெட் டிப்பரின் கேபின் மேல் போகக்கூடாது, பின்பக்கமாகத்தான் வரவேண்டும்.

ஒருவழி எஸ்டேட் ரோட்டில் தொடர்ந்து வேலை என்றால், வெயிட் செயினைத் தாண்டி அதிகம் நீட்டாத குறுகிய வால் வண்டிகளும் மினி வண்டிகளும் கிடைக்கின்றன. வாடகை கொஞ்சம் கூடினாலும் அதையே கேட்கலாம் என்பது என் அபிப்பிராயம். பெரிய வண்டி சீக்கிரம் முடிக்கும் என்பார்கள். சுவரில் இடிக்காமல் அங்குலம் அங்குலமாகச் சுற்றும்போது அந்தச் சீக்கிரம் எங்கே போகிறதென்று தெரியாது.

படி மூன்று: சைகை

ஒரு வண்டிக்கு ஒரே கொடிக்காரர். இரண்டு பேர் கை காட்டினால் ஆபரேட்டர் இருவரையும் பார்க்கமாட்டார். நம் சைட்டில் ஆபரேட்டர் சேலத்துக்காரராக இருப்பார், ஹெல்பர் ஜார்க்கண்டிலிருந்து வந்திருப்பார், டிப்பர் டிரைவர் மலையாளம் பேசுவார், ரோட்டோரம் நிற்கும் ஊர்க்காரர் படுகர்களின் மொழியில் கத்துவார். ஆகவே வாயை நம்பாதீர்கள். நிறுத்து, மேலே, கீழே, இடது, வலது, மெதுவாக என்று ஆறு சைகையைக் காலையில் எல்லோரும் சேர்ந்து செய்து பார்த்துவிடுங்கள். "நிறுத்து" மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். காட்டியவர் கூலிக்காரராக இருந்தாலும் ஆபரேட்டர் நிறுத்திவிட்டுத்தான் காரணம் கேட்கவேண்டும்.

வண்டியின் பக்கத்தில் போக வேண்டியிருந்தால் வரிசை இது: வட்டத்துக்கு வெளியே, ஆபரேட்டர் முகம் தெரியும் இடத்தில் நின்று கையைத் தூக்குங்கள். அவர் உங்களைப் பார்த்துத் தலையாட்டவேண்டும். பக்கெட்டைத் தரையில் இறக்கவேண்டும். சேஃப்டி லிவரைப் போடவேண்டும். அது போட்டபின் லிவரில் கை பட்டாலும் வண்டி அசையாது. பிறகு இரண்டு கையையும் கண்ணாடியில் தெரியும்படி தூக்கிக் காட்டவேண்டும். அதற்கப்புறம்தான் உள்ளே கால் வைக்கவேண்டும். "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடி வருவது வேண்டாம். இன்ஜின் சத்தத்தில் அண்ணாவுக்குக் கேட்காது.

பீப் சத்தத்தையும் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள். பல வண்டிகளில் அந்த அலாரம் செயின் நகரும்போது மட்டும்தான் அடிக்கும், சுழலும்போது அடிக்காது. சத்தம் இல்லை, வண்டி நிற்கிறது என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சுழற்சிக்குத் தனி விளக்கோ அலாரமோ வைத்த வண்டி என்றால் அது எதற்கு அடிக்கிறது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி நான்கு: கருவிகள்

இப்போது புது வண்டிகளில் கேமரா, சென்சார் எல்லாம் வருகிறது. பழைய வண்டிக்கும் தனியாக வாங்கி மாட்டுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வாங்குமுன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

20 டன் வண்டி முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 12 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 5 விநாடி. 2.75 மீட்டர் ஆரத்தில் இருக்கும் வெயிட்டின் விளிம்பு விநாடிக்கு ஏறக்குறைய 3.45 மீட்டர் போகும். மையத்திலிருந்து 8 மீட்டரில் இருக்கும் பக்கெட் விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். சென்சார் பீப் அடித்து, அது ஆபரேட்டர் காதில் விழுந்து, அவர் புரிந்து, கை லிவரை விடுவதற்கே ஒரு விநாடி சாதாரணமாகப் போய்விடும். அந்த ஒரு விநாடியில் வெயிட் 3.45 மீட்டர் நகர்ந்திருக்கும். பிரேக் பிடித்து நிற்பது அதற்குமேல். 3 மீட்டர் தூரம் பார்க்கும் சென்சாரை மாட்டிவிட்டு முழு வேகத்தில் சுற்றினால், அது எச்சரிக்கும்போது ஆள் ஏற்கெனவே அடிபட்டிருப்பார்.

அதனால் முதல் மருந்து வேகத்தைக் குறைப்பது. பாதி வேகத்தில் சுற்றினால் அதே விநாடியில் 1.7 மீட்டர்தான் நகரும். அப்போது அந்த சென்சாருக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. இரண்டாவது, ஆள் தெரிந்தால் ஆபரேட்டரைக் கேட்காமல் தானே சுழற்சியைக் குறைக்கும் அல்லது நிறுத்தும் வசதி. சில நவீன வண்டிகளில் இது இருக்கிறது. கேட்டர்பில்லரின் இ-ஃபென்ஸ் போன்றவற்றில் இன்னொரு விதமாக, இத்தனை டிகிரிக்கு மேல் சுற்றாதே, இந்த உயரத்துக்கு மேல் பூமைத் தூக்காதே என்று முன்கூட்டியே எல்லை கட்டிவிடலாம். ஒரு பக்கம் மண்சுவர், மேலே கம்பி என்று எப்போதும் ஒரே மாதிரி இடத்தில் வேலை செய்யும் நமக்கு ஆளைக் கண்டுபிடிக்கும் கருவியைவிட இந்த எல்லைக் கட்டு அதிகம் உதவும். ஆனால் முழு வேகத்தில் இருக்கும்போது திடீரென்று நின்றால் பக்கெட்டில் இருக்கும் பாறை எகிறி வெளியே விழும். தானே நிற்கிற வண்டி என்பதால் வேகமாகச் சுற்றலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எந்தக் கருவி என்பது நம் ஊர்ப் பனியைப் பொறுத்தது. ஜூலையில் பகல் இரண்டு மணிக்கே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத ஊர் இது. கேமராவில் அப்போது வெள்ளைத் துணி கட்டியது போலத்தான் தெரியும். லென்ஸில் தண்ணீர் முத்து நின்றால் ஆளை நான்காகக் காட்டும். லேசர் கதிரை அனுப்பிப் பார்க்கும் லைடாருக்கும் பனித்துளி தொல்லைதான். கதிர் துளியில் பட்டுச் சிதறும். ரேடார் பனியையும் புழுதியையும் பெரிதாகப் பொருட்படுத்தாது. அதனால் மலைக்கு ரேடாரைத்தான் முதலில் சொல்வேன். அதற்கும் ஒரு குணம் உண்டு: இரும்பு பளிச்சென்று தெரியும், மனிதன் மங்கலாகத் தெரிவான். டிப்பருக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளை டிப்பரோடு சேர்த்து ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். சத்தத்தை அனுப்பி எதிரொலி கேட்கும் அல்ட்ராசோனிக் விலை குறைவு, கிட்டத்தில் சில மீட்டருக்குப் பரவாயில்லை. சேறு அப்பினால் செவிடாகிவிடும். தடிமனான ஸ்வெட்டர், கம்பளி போன்றவை எதிரொலியைக் குடித்துவிடும். நம் ஊரில் வருஷம் முழுக்க ஸ்வெட்டர்தான்.

ஹெல்மெட்டிலோ ஜாக்கெட்டிலோ டேக் மாட்டி, அது வண்டிக்கு அருகில் வந்தால் அலாரம் அடிக்கும் முறையும் இருக்கிறது. பனி, இருட்டு எதுவும் அதற்குத் தடையில்லை. நிரந்தரமாக அடைத்த பெரிய சைட்டுக்கு அருமையானது. திறந்த ரோட்டில் டேக் போடாதவர்தான் அதிகம் வருவார்: செல்ஃபி எடுக்க இறங்கும் டூரிஸ்ட், தேயிலை மூட்டை தூக்கி வருபவர், கோத்தகிரி ரோட்டில் கேட்காமல் நுழையும் காட்டெருமை. அவர்களுக்குக் கயிறும் கொடிக்காரரும்தான். காட்டெருமைக்குக் கயிறும் உதவாது. பக்கெட்டை ஊன்றிவிட்டு அது போகும்வரை கேபினுக்குள்ளேயே உட்காருங்கள்.

மாட்டும் இடம் பற்றி. பெயின்ட் போன மூலைகளைச் சொன்னேன் அல்லவா, சென்சாரும் அங்கேதான் பார்க்கவேண்டும். பின்னால் நட்டநடுவில் ஒரே கேமராவை வைத்து நேர் பின்பக்கத்தை மட்டும் காட்டுவார்கள். அது வண்டியை ரிவர்ஸ் எடுக்க உதவும். சுழலும்போது ஆள் மாட்டுவது மூலைக்குப் பக்கவாட்டில். ஆகவே இரண்டு மூலைகளில் பக்கம் பார்த்த மாதிரி ஒவ்வொன்று, வலது பக்கம் இன்ஜின் மூடியின் மேல் ஒன்று, பின்னால் ஒன்று. நான்குக்குப் பணமில்லை என்றால் வலது பின்மூலையிலிருந்து தொடங்குங்கள். ஆபரேட்டருக்குக் கொஞ்சமும் தெரியாத இடம் அது. எல்லாவற்றையும் சுழலும் மேல்பாகத்திலேயே மாட்டுங்கள். கீழே செயின் பக்கம் மாட்டினால் ஒயரைச் சுழலும் மூட்டு வழியாகக் கொண்டுவர வேண்டும்; ரெண்டு சுற்றில் அறுந்துவிடும், அல்லது சுற்றும்போதும் மின் இணைப்பு விடாத ஸ்லிப் ரிங் அதற்கென்று போடவேண்டும். தவிர, கீழே இருக்கும் சென்சார் வெயிட்டோடு சேர்ந்து திரும்பாது. வண்டி கழுவும்போது பிரஷர் பைப்பை சென்சார் முகத்தில் காட்டாதீர்கள்.

மாட்டியபின் நம்புமுன் சோதியுங்கள். முதலில் கண் சோதனை. பக்கெட் தரையில், சேஃப்டி லிவர் போட்டு, ஆபரேட்டர் சீட்டில். ஒருவர் கொடியை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு வண்டியை ஒட்டி ஒரு மீட்டர் தள்ளிச் சுற்றி நடக்கட்டும். கொடி மறைகிற இடத்தில் ஆபரேட்டர் ஹாரன் அடிக்கட்டும், அங்கே சுண்ணாம்பு. ஐ.எஸ்.ஓ. 5006 தரநிலையும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. வண்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு செவ்வகம், 12 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம், இரண்டிலும் என்ன மறைகிறது என்று அளக்கிறது. பிறகு அதே ஆள், வேலைக்குப் போடும் அதே மழைக்கோட்டோடு, மறுபடி நடக்கட்டும். சென்சார் எங்கே அடிக்க ஆரம்பிக்கிறதோ அங்கே இன்னொரு கோடு. நின்று ஒரு முறை, குந்தி ஒரு முறை. ஆளை அடையாளம் காணும் கேமரா என்றால் குந்தியிருப்பவரையும், பிளாஸ்டிக் ஷீட் போர்த்தியவரையும், முதுகில் கூடை சுமந்தவரையும் காட்டிப் பாருங்கள். ஆபரேட்டர் கண்ணுக்கும் தெரியாமல், சென்சாரும் அடிக்காமல் ஓர் இடம் எப்படியும் இருக்கும். அங்கே கொடிக்காரர் பார்வை படவேண்டும். இப்படிப்பட்ட கருவிகளைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 16001 என்று ஒரு தரநிலை இருக்கிறது. விற்பவரிடம் அந்தச் சோதனைக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். திருதிருவென்று விழித்தால் வேறு கடை பாருங்கள்.

அப்புறம் ஓயாத பீப். மலைப் பக்கத்து மண்சுவர் எப்போதும் சென்சாருக்குள் இருக்கும். நிமிடத்துக்கு நாலு தடவை அடிக்கும். மத்தியானத்துக்குள் யாராவது பஸ்ஸரின் வாயில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுவார்கள். ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை, யார் காதும் அதைத் தாங்காது. மண்சுவர் பக்கத்தை ஆள் நுழையாதபடி முழுக்க அடைத்துவிட்டு, அந்தப் பக்கத்து சென்சாரின் தூரத்தைக் குறைத்து வையுங்கள். வேலை மாறி வண்டி நகர்ந்தால் பழையபடி கூட்டவேண்டும், அதைச் செய்கிற ஆள் யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள்.

படி ஐந்து: தலைக்கு மேலே

சாலையைக் குறுக்கே கடக்கும் உயர் மின்னழுத்தக் கம்பி, விதிப்படி, தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்கும். சாலையோடு போனால் 5.8. 20 டன் வண்டியின் பூம் ஏறக்குறைய 10 மீட்டர் வரை தூக்கும். இதில் சரிந்த மண்மேட்டின் மேல் வண்டி ஏறி நின்றால் இரண்டு மீட்டர் உயரம் அங்கேயே போய்விட்டது. மலையில் இன்னொன்று: பள்ளத்திலிருந்து வரும் கம்பி ரோட்டு விளிம்பில் நம் கண் மட்டத்துக்கே வரும். பூமைத் தூக்க வேண்டியதில்லை, சுற்றினாலே போதும்.

கம்பிக்கும் வண்டிக்கும் குறைந்தது 3 மீட்டர் விடுங்கள். எத்தனை வோல்ட் என்று தெரியாவிட்டால் 6 மீட்டர். அது முடியாத இடத்தில் மின்வாரியத்தைக் கூப்பிட்டு லைனை நிறுத்தித்தான் வேலை. மின்னகம் எண் 94987 94987. சரிவில் சாய்ந்த கம்பத்தை "கரண்ட் போய்விட்டது" என்று ஊர்க்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பட்டுவிட்டால் ஆபரேட்டர் உள்ளேயே இருக்கவேண்டும். முடிந்தால் பூமைக் கம்பியிலிருந்து விலக்கவேண்டும். மற்றவர்கள் பக்கத்தில் ஓடக்கூடாது, வண்டியைத் தொடவே கூடாது. தீப்பிடித்து இறங்கியே ஆகவேண்டும் என்றால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, காலைப் பிரிக்காமல் தத்தித் தத்தி விலகவேண்டும்.

தினசரி

காலையில் லென்ஸையும் சென்சார் முகத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். சுண்ணாம்புக் கோடு ராத்திரி மழையில் கரைந்திருக்கும், புதுசாகப் போடுங்கள். ஆள் நடந்து காட்டும் சோதனையைத் தினமும் ஒரு தடவை, பனி இறங்கினால் இன்னொரு தடவை செய்யுங்கள். பனி அடர்ந்து ஆபரேட்டருக்குக் கொடிக்காரர் தெரியவில்லை என்றால் வேலை நிற்கும். ரேடார் இருந்தாலும் நிற்கும். ரோடு திறக்கச் சொல்லி மேலிருந்து எத்தனை போன் வந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சாயங்காலம் சமதளத்தில், மேல்பாகத்தைச் செயினுக்கு நேராகத் திருப்பி, பக்கெட்டை ஊன்றி, சேஃப்டி லிவர் போட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். லாரியில் ஏற்றுவதானால் சுழல் பூட்டையும் போடவேண்டும். வளைவில் மேல்பாகம் தானாகத் திரும்பிவிடும். கேமரா ஏதாவது வேலை செய்யவில்லை, பஸ்ஸர் ஒலி குறைந்திருக்கிறது, ஒரு மூலை சென்சாரைத் தூரம் குறைத்து வைத்திருக்கிறோம் என்றால் ஒரு சீட்டில் எழுதிச் சாவியோடு கட்டி அடுத்த ஷிஃப்ட் ஆபரேட்டர் கையில் கொடுங்கள். வாய்வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள்.